நோய்க்குப் பேதமில்லையாம்!

கொள்ளைநோய்க்கு ஏழை என்றும் செல்வன் என்றும் தெரியாது. மாளிகையும் மண்குடிசையும் அதற்கு ஒன்றே! 2020ஆம் ஆண்டு கொரோனா பரவிய நாளில் இந்தப் பேச்சைக் கேளாத செவி இல்லை. ஏடுகள் எழுதின, மேடைகள் முழங்கின, தொலைக்காட்சி ஓயாமல் ஒலித்தது. அமைச்சரையும் பற்றியது, நடிகரையும் பற்றியது. ஆகவே நோய் ஒரு சமத்துவவாதி என்று முடிவு கட்டிவிட்டனர் நல்லவர் பலர். மனிதன் தர மறுத்த சமத்துவத்தை ஒரு நச்சுக்கிருமியாவது தந்ததே என்று மகிழத்தான் தோன்றும்! ஆனால், சொன்னது உண்மைதானா? சொல்பவர் யாராயினும் சொல்லப்படுவதை ஆராய்வதன்றோ அறிவுடைமை? ஆராய்வோம்.

ஆராய்வதற்கு அயல்நாடு போக வேண்டுவதில்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சேர்வராயன் மலைமீது, ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில், ஏரியும் காடும் சேர்ந்த எழில் ஊர். 'ஏழைகளின் ஊட்டி' என்று அதற்கு ஒரு பட்டம் உண்டு. இந்தப் பட்டத்தையே முதலில் விசாரணைக்கு நிறுத்துகிறோம். உதகைக்குப் போகப் பணம் போதாதவர் வந்து குளிர் காயும் இடம் என்பதே அதன் பொருள். வந்து போகிறவரைப் பற்றிய பெயர் அது. அங்கேயே பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே மடிகின்ற ஏழைக்கு அந்தப் பெயரிலே இடமில்லை!

யார் அந்த ஏழை? மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். கேரளத்தார் அல்லர், தமிழ் பேசுவோர். சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை, சவ்வாது மலைகளில் வாழ்வோர். சாமையும் கேழ்வரகும் விதைத்து உண்டவர்கள். 1820ஆம் ஆண்டுகளில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஆங்கிலேயர் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொணர்ந்தார். செடி வேரூன்றியது, வெள்ளையர் தோட்டங்கள் விரிந்தன, பங்களாக்கள் எழுந்தன. வெள்ளையர் போயினர், தோட்டங்கள் கைமாறின. காப்பி பறிக்கும் கை மட்டும் மாறவில்லை. இன்று அந்தக் கையோடு விடுதியில் அறை துடைக்கும் கை, ஏரியில் படகு தள்ளும் கை, சாலையோரம் பழம் விற்கும் கை எனப் பல கைகள் சேர்ந்துள்ளன. அன்றன்று உழைத்தால் அன்றன்று அடுப்பெரியும் கைகள்! 'நோய்க்குப் பேதமில்லை' என்ற பேச்சை இவர்கள் முன்னே வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

முதலில் பழைய கணக்கொன்றைப் புரட்டுவோம். 1918ஆம் ஆண்டு உலகைச் சூறையாடிய இன்புளூயன்சா காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு பம்பாய் நகரச் சுகாதார அதிகாரியின் கணக்கில், அந்தக் காய்ச்சலால் ஆயிரவருக்கு எத்தனை பேர் இறந்தனர் என்பது வகுப்புவாரியாகப் பதிவாகியிருக்கிறது. ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9.0. மேல்நிலைச் சாதிகளை உள்ளிட்ட ஏனைய இந்துக்கள் 18.9. 'கீழ்ச்சாதி' என்று அந்தக் கணக்கு குறித்த மக்கள் 61.6! நகரம் ஒன்று, காற்று ஒன்று, கிருமி ஒன்று. ஆயின் பங்களாவில் வாழ்ந்தவனைவிடச் சேரியில் வாழ்ந்தவன் ஏழு மடங்குக்கு மேல் செத்தான். கிருமிக்குப் பேதம் தெரியாதுதான். ஆனால் எந்த வீட்டுக்குள் பத்துப்பேர் அடைந்து கிடக்கின்றனர் என்பது அதற்குத் தெரிந்திருந்தது!

அது வெள்ளையர் காலம், பழங்கதை என்பீரோ? அதே நகரில், 2020 ஜூலையில், மூன்று வட்டாரங்களில் குருதி எடுத்துச் சோதித்தனர். குடிசைப் பகுதியில் 100க்கு 57 பேரிடம் கொரோனா தொற்றிச் சென்ற சுவடு இருந்தது. குடிசையல்லாத பகுதியில் 16 பேரிடம்! நூறாண்டு கடந்தும் நோய் அதே தெருவைத்தான் தேடிச் சென்றிருக்கிறது.

பம்பாயின் சேரிக்கு நெரிசல் பகை. மலைமேல் நெரிசல் இல்லையே, தூய காற்று வீசுகிறதே, அங்கே ஏழைக்கு என்ன குறை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை சொல்கிறோம்.

2021 ஏப்ரல் 20 முதல் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய இடங்களுக்குச் சுற்றுலாப் பயணிகள் செல்ல அரசு தடை விதித்தது. நோயைத் தடுக்க அது தேவையான ஆணை. குறை கூற மாட்டோம். 2020, 2021 ஆகிய ஈராண்டும் ஏற்காட்டில் கோடை விழாவும் நடைபெறவில்லை. ஆனால் அந்த ஆணையின் விலையைக் கொடுத்தவர் யார்? விடுதி உரிமையாளருக்கு வருவாய் குறைந்தது. விடுதிப் பணியாளுக்கு வருவாயே நின்றது. இரண்டும் ஒன்றா? சேமிப்பு உள்ளவன் கதவைச் சாத்திக்கொண்டு உயிர் காக்கலாம். சேமிப்பு இல்லாதவன் கதவைச் சாத்தினால் உள்ளே பசி, திறந்தால் வெளியே நோய். ஆகவே அவன் திறக்கிறான். கிடைத்த வேலைக்கு, கிடைத்த வண்டியில், தோளோடு தோள் இடித்துப் போகிறான். 'வீட்டிலிரு' என்பது மருத்துவ அறிவுரை. அதைப் பின்பற்றக் கையில் காசு வேண்டும்! அவ்வாண்டு மே, ஜூன் திங்கள்களில் தமிழக அரசு அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு இரு தவணையாக 4,000 ரூபாய் அளித்தது. அது பிச்சையன்று, நோய்த்தடுப்பு மருந்து. அளவு போதாது எனினும் வகை சரியான மருந்து.

அடுத்து, உடல். நோய் வெறும் உடலை எதிர்ப்பதில்லை. ஏற்கெனவே என்ன உண்டது, என்ன உண்ணாதது என்ற வரலாற்றோடு கூடிய உடலை எதிர்க்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்குக் குருதிச்சோகை. பழங்குடிப் பெண்களிடையே அது இன்னும் மிகுதி. 2018இல் அறிக்கை அளித்த பழங்குடியினர் நலவாழ்வு வல்லுநர் குழு, காசநோயைப் பற்றிச் சொன்னது: இலட்சம் பேருக்குப் பழங்குடியினரில் 703, ஏனையோரில் 256. இந்த உடலும், நாள்தோறும் பாலும் முட்டையும் பழமும் கண்ட உடலும், ஒரே காய்ச்சலை ஒரே விதமாகத் தாங்குமா?

மூன்றாவது, வழி. ஏற்காட்டில் அரசு மருத்துவமனை உண்டு. மூச்சு முட்டினால் போக வேண்டிய பெரிய மருத்துவமனையோ கீழே சேலத்தில். 2021 மே திங்களில் சேலம் இரும்பாலை வளாகத்தில் ஆக்சிஜன் எனும் உயிர்வளி வசதியோடு 500 படுக்கைகள் அமைக்கப்பட்டன. ஆலையின் உயிர்வளி நேரே நோயாளியின் மூக்குக்கு வந்தது, பாராட்டத்தக்க பணி. ஆயினும் அதுவும் சமவெளியில்! மலைமேல் சிதறிக் கிடக்கும் சிற்றூர் ஒன்றில் இரவு மூச்சுத் திணறுகிறவன் முதலில் ஏற்காடு வர வேண்டும். பிறகு 20 வளைவுகள் இறங்க வேண்டும். கார் உள்ளவனுக்கு அது ஒரு மணிப் பயணம். இல்லாதவனுக்கு? வண்டி தேட ஒரு பொழுது, வாடகைக்குக் கடன் கேட்க ஒரு பொழுது. உயிர்வளி காத்திருக்கும், உயிர் காத்திருக்குமா? 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் மருத்துவமும் தோட்ட முதலாளியின் கடமை என்றது. ஆனால் பரப்பளவுக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வைத்தது. வரம்புக்குக் கீழ்ப்பட்ட சிறு தோட்டங்களின் உழைப்பாளர் அந்த நிழலுக்கு வெளியே நின்றனர்.

'எல்லாம் வறுமையின் விளைவு. நாட்டின் வருமானம் உயர்ந்தால் தானே தீரும்' என்பார் சிலர். இது அடுத்த மயக்கம். வறுமை கொல்லும் என்பதை மறுக்கவில்லை. 1918-20 காய்ச்சலைப் பற்றி 2006இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு, நாட்டுக்கு நாடு சாவு விகிதம் 30 மடங்குக்கு மேல் வேறுபட்டதென்றும், அதன் பெரும்பகுதிக்குத் தலைக்கு வரும் வருமானமே விளக்கம் என்றும் காட்டிற்று. ஆனால் தலைக்கு இவ்வளவு என்பது சராசரி. ஒருவன் இரண்டு சோறு உண்டு மற்றவன் பட்டினி கிடந்தால், சராசரி ஆளுக்கு ஒரு சோறு! பட்டினி கிடந்தவன் சராசரியை உண்டு பிழைப்பானா?

பெரு நாட்டைப் பாருங்கள். இருபதாண்டு பொருளாதார வளர்ச்சி கண்ட நாடு. வளர்ச்சியின் பயனோ சிலர் கையில். ஏறத்தாழப் பாதி வீடுகளில் குளிர்பதனப் பெட்டி இல்லை. நாள்தோறும் சந்தைக்குப் போனால்தான் உணவு. உழைப்போரில் மிகப்பெரும்பாலோர் நிலையான ஊதியமோ விடுப்போ இல்லாதவர். ஊரடங்கு கடுமையாக இருந்தும், மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டால், பதிவான கொரோனா சாவுகளில் உலகிலேயே முன்வரிசையில் நின்றது பெரு. 84 நாடுகளின் புள்ளிகளை ஒப்பிட்டு 2020இல் வந்த ஆய்வொன்றும், வருமான ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளில் தொடக்கத்திலேயே சாவு மிகுதி எனக் கண்டது. ஒப்பீடு மட்டும் காரணத்தை மெய்ப்பிக்காது. முதியோர் எண்ணிக்கையும் பிறவும் குறுக்கிடும். அதை ஒப்புக்கொள்வதே பகுத்தறிவு.

அப்படியானால் மெய்ப்பிக்கும் சான்று? உண்டு! சார்க்கண்ட் மாநிலத்தில் 2019க்கும் 2022க்கும் இடையே ஒரு சோதனை நடந்தது. காசநோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்வோரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, ஊட்டச்சத்து மாத்திரை. மறு பிரிவுக்கு அந்தக் கூடுதல் உணவு இல்லை. 2023இல் முடிவு வெளிவந்தது. உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் பற்றுவது 100க்கு 39 பங்கு குறைந்தது. அரிசியும் பருப்பும் நோயைத் தடுத்தன! இனியும் 'ஏற்றத்தாழ்வு வேறு, நோய் வேறு' என்பார்க்கு என்ன சொல்ல?

இன்னொரு வாதமும் எழுந்தது. இந்தியாவில் பதிவான சாவு குறைவு; ஆகவே ஏழைக்கு இயற்கையே எதிர்ப்பாற்றல் தந்திருக்கிறது என்றனர். எத்தகைய ஆறுதல்! 2020, 2021 ஆகிய ஈராண்டில் கொரோனாவால் இறந்தோர் ஏறத்தாழ 4.8 இலட்சம் என்றது இந்திய அரசின் கணக்கு. நோயின் விளைவாக நேர்ந்த மிகைச்சாவு 47 இலட்சம் என்று மதிப்பிட்டது உலக நலவாழ்வு நிறுவனம். இந்திய அரசு அதனை ஏற்கவில்லை. ஆயினும் பெருவைப் பாருங்கள்: 2021 மே இறுதியில் தன் பழைய கணக்கைத் தானே திருத்தியது, ஏறத்தாழ 69,000 என்றிருந்த சாவு 1,80,000க்கு மேல் ஆயிற்று! சோதனைக்கூடமும் மருத்துவமனையும் எட்டாத ஏழையின் சாவு, நோயின் கணக்கில் ஏறுவதில்லை. வெறும் காய்ச்சல், வெறும் மூச்சிரைப்பு. வாழ்ந்தபோது வருமானக் கணக்கில் இல்லாதவன், செத்தபின் சாவுக் கணக்கிலும் இல்லை!

தமிழகம் நாள்தோறும் வெளியிட்ட கொரோனா அறிக்கையில் இறந்தவரின் வயது இருந்தது, பால் இருந்தது, முன்பிருந்த நோய் இருந்தது, மருத்துவமனை இருந்தது. என்ன தொழில், என்ன கூலி, என்ன சாதி? அந்தப் பத்தி இல்லை. 1918இல் வெள்ளையன் ஆண்ட பம்பாயின் கணக்கில் இருந்த பத்தி, நூறாண்டு கழித்து நம்மவர் ஆண்ட நாட்டில் இல்லை! பத்தி இல்லையேல் பேதம் தெரியாது. பேதம் தெரியாதபோது 'நோய்க்குப் பேதமில்லை' என்று பேசுவது எளிது.

2020 மார்ச் 22இல் மாலை 5 மணிக்குத் தட்டு தட்டச் சொன்னார்கள். ஏப்ரல் 5இல் இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கேற்றச் சொன்னார்கள். தட்டின் ஒலிக்குக் கிருமி ஓடவில்லை. தட்டிலே சோறு விழுந்திருந்தால் ஒருவேளை ஓடியிருக்கும்! 'மாரியின் சீற்றம்' என்று அம்மைக்குக் கூழ் ஊற்றிய மனமும், 'எல்லார்க்கும் சமம்' என்று கொரோனாவுக்கு விளக்கேற்றிய மனமும் ஒரே குலம். நோய்க்கு மனிதன் செய்த காரணத்தைத் தேடாத மனம் அது. 1848இல் மேல் சைலீசியாவில் பரவிய காய்ச்சலை ஆராயப் பிரஷ்ய அரசு அனுப்பிய மருத்துவர் விர்கோ, நோய்க்கு மருந்தாகக் கல்வியையும் உரிமையையும் வளவாழ்வையும் எழுதிக் கொடுத்தார். அந்த மருந்துச் சீட்டு இன்னும் செல்லும்.

ஆகவே நாம் கேட்பது இரக்கம் அன்று. உயிர்வளியோடு கூடிய படுக்கைகள் மலைமேலேயே வேண்டும். நோயுற்ற நாளுக்கும் கூலி வேண்டும், தோட்டம் சிறிதாயினும் பெரிதாயினும். பருப்பும் முட்டையும் மருந்தென்று கருதி வழங்கப்பட வேண்டும். சாவுக் கணக்கில் தொழிலுக்கும் வருமானத்துக்கும் சாதிக்கும் பத்தி வேண்டும். இவை இருக்குமானால் அடுத்த கொள்ளைநோய் வரும்போது சேர்வராயன் மலையின் குடிசையும் மாளிகையும் அதன் முன்னே ஏறத்தாழ ஒரே வலிமையோடு நிற்கும்.

நோய்க்குப் பேதமில்லை என்று இனி யாரேனும் மேடையில் முழங்கினால், இளைஞர்காள், எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பேதம் நோய்க்கு இல்லை, சரி, அது பற்றிக்கொள்ளும் உடல்களிடையே அந்தப் பேதத்தை வளர்த்தவர் யார்?