சுமை விழுந்த இடம்

விசுவாசத்தினாலேயே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்னும் கிறித்தவக் கோட்பாடு, வழக்குமன்றத்தை நினைவூட்டும் வறண்ட சொற்களிலேயே நம்மிடை வழங்குகிறது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட கதையில், தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என வழங்குவதில், அதற்கு உயிர் வாய்த்தது. நியாயப்பிரமாணத்தின் மலையடியில் பயணியின் முதுகுச்சுமை முன்னினும் கனக்கிறது. சிலுவையருகே அவன் கைபடாமலே கழன்று உருள்கிறது. தன்னால் அதை இறக்க இயலாதென முன்பே ஒப்புக்கொண்டவன் அவன்.

நம்பிக்கையே போதுமெனில் நல்லொழுக்கம் எதற்கு என வினவுவோர், சுமை விழும் இடத்தை நோக்குவதில்லை. பயணத்தின் முற்பகுதியிலேயே அது விழுந்துவிடுகிறது. கொடிய நெடுவழியெல்லாம் அதற்கப்பால். ஆதலின் அவன் நடப்பது விடுதலைக்கு விலையாக அன்று.

வைணவக் குடியிற் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, இக்கதையைத் தழுவிப் பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. அதன் கம்பநடையைப் போற்றுவோர் பலர். சரணாகதியை இளமையிலேயே அறிந்த நெஞ்சம் அது என்பதோ, எமக்கும் பிந்தியே புலப்பட்டது.