ஒரு கிலோமீட்டர் எங்கிருந்து தொடங்குது?

இணைய வரைபடங்களோட துல்லியத்தைச் சொல்ல வழக்கமா ஒரே எண்தான் கொடுக்கிறாங்க: ஆர்எம்எஸ் பிழை இத்தனை மீட்டர். 1998-இல் வந்த அமெரிக்கத் தரநிலை இதுக்கு முறை வகுத்தது. குறைந்தது 20 புள்ளிகளை இன்னும் துல்லியமான மூலத்தோட ஒப்பிடணும். 95 சதவீத நம்பிக்கையில் பிழையைச் சொல்லணும். முறையில் தப்பில்லை. ஆனா பாலாற்றங்கரையில் அந்த ஒரு எண் போதாது என்பது என் வாதம்.

1989 மார்ச் 30 தேதியிட்ட தமிழக அரசாணை 213, ஆறு, ஓடைகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழிற்சாலைகளைத் தொடங்கக் கூடாதுன்னு சொல்லுது. டேனரிகளும் அதில் அடக்கம். 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உடனே அமல்படுத்தச் சொன்னது. இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாவோ பாதியாவோ கெட்டுப்போனதாக அந்தத் தீர்ப்பே பதிவு செய்கிறது. ஆக, வரைபடத்தில் ஒரு கோடு எங்கே விழுது என்பது இங்கே வெறும் ஏட்டுச் சமாச்சாரம் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரையிலிருந்து 980 மீட்டரில் ஒரு ஆலை இருப்பதா ஆண்ட்ராய்டு போன் காட்டுதுன்னு வைங்க. துல்லிய வட்டம் 20 மீட்டர். அந்த வட்டம் 68 சதவீத நம்பிக்கைக்கானது. ஒரு திசையில் பார்த்தால் திட்ட விலக்கம் சுமார் 13 மீட்டர். பிழை இயல்நிலைப் பரவலில் இருந்தால், ஆலை எல்லைக்குள் இருக்க 93 சதவீத வாய்ப்பு. இது வரைக்கும் புள்ளியியல் அழகா வேலை செய்யுது.

சிக்கல் இன்னொரு முனையில். கரை எது? பாலாறு பல இடங்களில் சில நூறு மீட்டர் அகலம். வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணல். வரைபடத்தில் ஆற்றை ஒற்றைக் கோடா வரைஞ்சு, அதிலிருந்து தூரம் அளந்தால், 400 மீட்டர் அகலமுள்ள இடத்தில் 200 மீட்டர் பிசகு. கோட்டிலிருந்து 1,050 மீட்டரில் "தப்பிச்ச" ஆலை, உண்மையில் கரையிலிருந்து 850 மீட்டரில் நிக்குது. 13 மீட்டர் விலக்கத்தைப் பத்திப் பேசி என்ன பயன்?

தரநிலை சோதிப்பது தெளிவா அடையாளம் காணக்கூடிய புள்ளிகளை, அதாவது சாலைச் சந்திப்பு மாதிரியானவற்றை. மணற்கரை அந்த ரகமே இல்லை. சந்திப்புகளில் கிடைச்ச துல்லியத்தைக் கரைக்குக் கடன் கொடுப்பதைத்தான் நான் குறை சொல்றேன்.

இன்னொன்று, ஒருபக்கச் சாய்வு. பழைய எவரெஸ்ட் நீள்கோளத்தில் அமைந்த சர்வே வரைபடத்தை உரிய மாற்றம் செய்யாம ஜி.பி.எஸ் புள்ளிகளோட கலந்தால், எல்லாமே ஒரே திசையில் நூறு மீட்டருக்கு மேல் நகரும். எத்தனை புள்ளி எடுத்துச் சராசரி போட்டாலும் அது குறையாது.

என் யோசனை எளிமையானது. ஒரே கரையைப் பல பேர், வெவ்வேறு பருவப் படங்களில் தனித்தனியா வரையட்டும். அந்தக் கோடுகளுக்கு இடையிலான பரவலை, போன் பிழையோட சேர்க்காம தனி எண்ணா அறிவிக்கணும். எல்லையில் ஒற்றைக் கோட்டுக்குப் பதிலா ஒரு பட்டை வரும். அந்தப் பட்டைக்குள் விழும் ஆலைகளுக்கு மட்டும் நேரில் போய் டேப்பு பிடிக்கலாம். எங்கே போய் அளக்கணும்னு சொல்ற வரைபடம்தான் என் கணக்கில் துல்லியமான வரைபடம்.