கொள்கையின் ஏடும் நீதியின் சாட்சியும்

மதுரையில் வேரூன்றிய தீக்கதிர் நாளேடு, தான் யாருடைய குரல் என்பதை என்றும் மறைத்ததில்லை. 1963இல் வார இதழாகத் தோன்றி, 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிரிந்தபின் மார்க்சிஸ்டுகளின் ஏடாகி, எழுபதுகளின் தொடக்கத்தில் மதுரையில் நாளேடாயிற்று. நடுநிலை என்று பலகை மாட்டிக்கொண்டு முதலாளியின் நலனைப் பேசும் ஏடுகளைவிட இந்த வெளிப்படை மேலானது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் சார்பை அறிவித்துவிட்டால் மட்டும் ஓர் ஏடு நேர்மையுடையதாகிவிடுமா? கம்யூனிசக் கொள்கை பத்திரிகைக்கு எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது? மதுரையை மட்டும் நோக்கி இதற்கு விடை காண இயலாது. அதே கொள்கை அரசுக் கட்டிலில் அமர்ந்திருந்த போலந்தையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும்.

கொடுத்ததை முதலில் சொல்வதே நியாயம். மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் தலித் மக்களின் குடியிருப்பைத் தனியே பிரித்து எழுப்பப்பட்ட சுவர் ஏறத்தாழ 18 ஆண்டுகள் நின்றது. அத்தனை காலமும் அது ஊர் வழக்கமாகக் கருதப்பட்டதேயன்றிச் செய்தியாகவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் நடத்திய இயக்கத்திற்குப் பின்னரே நாடு அதனைக் கண்டது; 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. எல்லார் கண்ணிலும் பட்டதை அநீதியென்று அடையாளம் காணவும் ஒரு கொள்கை தேவைப்படுகிறது என்பதற்கு இச்சுவரே சான்று.

இலக்கியத்திலும் அவ்வாறே. 1970இல் மதுரையிலிருந்து வரத்தொடங்கிய செம்மலர், கல்லூரி வாசலை மிதியாதோருக்கும் பக்கங்களைத் திறந்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன மேலாண்மை பொன்னுச்சாமி அதில் எழுதி வளர்ந்து, 2007இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். ஆனால் முற்போக்குக் கதைகள் பலவற்றில் முடிவு முதற்பத்தியிலேயே தெரிந்துவிடும் குறையும் உண்டு. 1934இல் மாஸ்கோ எழுத்தாளர் மாநாடு வகுத்த சோஷலிச யதார்த்தவாதத்தின் நிழல் அது. மனிதனின் துயரைக் காட்டவந்த கதை, கோட்பாட்டுக்கு உதாரணமாகச் சுருங்கிவிடுகிறது.

இனிப் போலந்து. அங்கே ஆளுங்கட்சியின் நாளேடாக 1948இல் டிரிபூனா லூது தொடங்கியது. அதற்கு முன்பே, 1946இல், தணிக்கைத் தலைமையகம் ஏற்பட்டுவிட்டது. அது 1990 வரை இயங்கிற்று. வார்சாவில் அது அமைந்திருந்த தெருவின் பெயருக்குச் சுண்டெலித் தெரு என்று பொருள். 1977இல் டொமாஸ் ஸ்ட்ஷிஜெவ்ஸ்கி என்ற தணிக்கையாளர், அலுவலக ஆவணங்களை மறைத்தெடுத்துக்கொண்டு சுவீடனுக்குச் சென்றார். அதே ஆண்டு அவை லண்டனில் நூலாயின. 1940இல் சோவியத் காவல்துறையால் கொல்லப்பட்ட காத்தின் கைதிகளைப் பற்றி எழுதுவோர், அவர்கள் 1941 ஜூலைக்கு முன் இறந்ததாகக் காட்டலாகாது என்பது அவ்வாவணங்களில் கண்ட ஒரு விதி. பழி ஜெர்மானியர்மேல் விழவேண்டும் என்பதே அதன் நோக்கம். மாண்டவர்களின் நாளைக்கூட மாற்றியெழுதும் துணிவு, கொள்கையிலிருந்து பிறந்ததா, அதிகாரத்திலிருந்து பிறந்ததா?

மறுத்தோரும் இருந்தனர். 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தபோது, க்ராகோவ் நகரின் கத்தோலிக்க வார ஏடான டிகோட்னிக் பொவ்ஷெக்னி அவருக்கு இரங்கலுரை வெளியிட மறுத்தது. அதற்கு விலையாக ஏடு அதன் ஆசிரியர் குழுவினரிடமிருந்து பறிக்கப்பட்டது. 1956 இறுதியில்தான் அவர்கள் கைக்குத் திரும்பிற்று.

இக்காட்சியை மனத்தில் வைத்து மதுரைக்கு மீள்வோம். 1975 ஜூனில் நெருக்கடிநிலை பிறப்பிக்கப்பட்டது. சில வாரங்களுக்குள், ஜூலையில், தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் மதுரையில் உருவாயிற்று. 1976 ஜனவரி 31இல் திமுக அரசு கலைக்கப்பட்டபின் தமிழகத்திலும் தணிக்கை இறுகியது. வார்சாவில் கத்தரிக்கோலைப் பிடித்திருந்ததும், மதுரையில் அதன் அலகுக்குக் கீழே நின்றதும் ஒரே கொள்கைதான். ஆகவே ஓர் ஏட்டை அளப்பதற்கு அதன் கொள்கை போதாது. அது அதிகாரத்திற்கு எப்பக்கம் நிற்கிறது என்பதே அளவுகோல் என்று நாம் துணிகிறோம்.

இவ்வளவுகோல் தீக்கதிருக்கும் பொருந்தும். தமிழகத்தில் எதிர்ப்பின் குரலாயிருந்த கட்சி, மேற்கு வங்கத்தில் 1977 முதல் 2011 வரை ஆட்சியிலிருந்த முன்னணியின் தலைமையாகவும் இருந்தது. அம்மாநில மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். மாநில அரசுப் பணிகளில் அவர்கள் பெற்ற இடமோ மிகச் சொற்பம் என்பதை 2006இல் சச்சார் குழு அறிக்கை வெளிப்படுத்திற்று. 2007 மார்ச் 14 அன்று, நிலம் பறிபோகும் என்றஞ்சிய நந்திகிராம மக்கள்மீது காவல்துறை சுட்டதில் 14 பேர் மாண்டனர். பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டபோதும் குஜராத் எரிந்தபோதும் இடதுசாரிகள் நம்மோடு நின்றதை நாம் மறவோம். ஆனால் கட்சியே நடத்தும் ஏடு கட்சியின் ஆட்சியை விசாரிக்கும் நீதிமன்றமாதல் அரிது. இது ஆசிரியரின் குற்றமன்று, அமைப்பின் எல்லை. உத்தப்புரத்தில் கூர்மையாயிருக்கும் பார்வை, சொந்த வீட்டில் மங்கிவிடும் இடம் இதுவே.

இவ்விடத்தில் நம்மையும் கேட்டுக்கொள்ளாவிடில் இத்திறனாய்வு நேர்மையற்றதாகும். நம் சமுதாய ஏடுகள் எத்தனை, நம் ஜமாஅத்துகளின் கணக்கையும், வக்ஃபு நிலங்கள் கைமாறியதையும், பெண்களுக்கு மறுக்கப்பட்ட பங்கையும் துணிந்து எழுதின? பா. தாவூத்ஷா தம் தாருல் இஸ்லாம் இதழில் சமுதாயத்தின் மூடப்பழக்கங்களைக் கண்டித்தபோது வெளியாரிடமிருந்தன்று, உள்ளிருந்தே எதிர்ப்பைத் தேடிக்கொண்டார். நமக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி நிற்பது நம் மார்க்கம் விதித்த கடமை. அதனை மார்க்சிஸ்டுகளிடம் கோரும் உரிமை, முதலில் அதை நம் பக்கங்களில் நிறைவேற்றியோர்க்கே உண்டு.