மெய்நிகர் வெளியில் மெய்ப்பாடு: ஜூலியன் டிபெல்லின் கட்டுரையை முன்வைத்து

'வெர்ச்சுவல்' என்பதற்கு ஈடாக 'மெய்நிகர்' என்னும் சொல் தமிழில் வழக்கூன்றிவிட்டது. மெய்யை ஒத்தது, ஆயின் மெய்யன்று என்னும் பொருளை அச்சொல் தருகிறது. இப்பாகுபாடு எத்துணைப் பொருந்தும் என நோக்குவதற்கு, டிபெல் 1993 டிசம்பரில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இன்றும் துணைபுரிகின்றது.

அதன் களம், பவல் கர்டிஸ் 1990இல் ஸெராக்ஸ் ஆய்வு மையத்தில் தொடங்கிய லாம்டாமூ. படங்களற்ற அவ்வுலகில் அறைகளும் மாந்தரும் எழுத்தாலேயே அமைந்தனர். ஒருநாள் 'மிஸ்டர் பங்கிள்' என்ற பாத்திரம், பிறர் செய்யாதவற்றை அவர்களே செய்வதாகத் திரையில் காட்டும் நிரலைக் கொண்டு, கூடத்திலிருந்த பாத்திரங்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியது. எவருடைய உடலும் தீண்டப்படவில்லை. ஆயினும் 'லெக்பா' என்ற பாத்திரத்தை இயக்கிய சியாட்டில் நகரப் பெண், அச்செயலைக் கண்டித்து எழுதுகையில் தம் முகத்தில் கண்ணீர் வழிந்ததாகப் பின்னர் டிபெல்லிடம் கூறினார்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகையின் நிலைக்களன்கள் நான்கனுள் இளிவை முதலில் வைக்கின்றது. நகைக்கு எள்ளலை முதலில் வைக்கின்றது. பலர் முன்னிலையில் இழிவுபடுத்தப்பட்டமையே சியாட்டில் பெண்ணின் கண்ணீருக்குக் களன். மறுபுறம், பங்கிளை இயக்கியவரை நியூயார்க்கில் விடுதி மாணவர் சிலர் சூழ்ந்து ஊக்கினர் என்பது பின்னர் தெரியவந்தது. அங்கு எழுந்தது எள்ளலின் வழிப்பட்ட நகையாதல் வேண்டும். ஒரே சொற்றொடர் ஓரிடத்தில் அழுகையும் பிறிதோரிடத்தில் நகையும் ஆயிற்று.

டிபெல்லோ, கணினிக் கட்டளையில் சொல்லே செயலாகிவிடும் விந்தையை நோக்கியே தம் வாதத்தைக் கொண்டு செல்கிறார். கண்ணீர் அவருக்கு ஒரு சான்று மட்டுமே. சொல் மெய்யில் விளைவை உண்டாக்குதல் கணினி தந்த புதுமையன்று. கவிதையும் கூத்தும் என்றும் செய்துவருவதே அது. புதுமை வேறிடத்தில் உள்ளது. கூத்தில் ஆடுவோர் வேறு, காண்போர் வேறு. லாம்டாமூவில் காண்பவரே பாத்திரமுமாவார். பாத்திரத்துக்கு நேர்ந்த இழிவு இடைத்தொலைவின்றி அவரையே சேர்கிறது. விடுதி மாணவர்க்கு மட்டும் அது இறுதிவரை கூத்தாகவே இருந்தது. (மாணவரிடையே நிகழும் இணையவழி ஏளனத்தை 'வெறும் எழுத்துத்தானே' எனக் கடந்துவிடும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டைக் கருதுதல் நன்று.)

பின்னர் எழுத்தின் இடத்தைத் தலையணித் திரையும் கையசைவும் பெற்றன. 2016இல் 'குய்வர்' என்னும் அத்தகைய விளையாட்டில், மற்றொரு பாத்திரம் தம்மைத் தகாத முறையில் தொட்டதாகப் பெண் ஒருவர் எழுதினார். உண்மையில் எவரும் தொடவில்லையே என்று அப்போதும் பலர் மறுத்தனர். அவ்விளையாட்டை உருவாக்கியோர் அவ்வாறு மறுக்கவில்லை. அணுகுவோரை ஒரு கைச்சைகையால் விலக்கும் வசதியை அதில் சேர்த்தனர்.