படத்தில் ஏரியைத் தேடாதீர்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிற வண்டிகள் அஸ்தம்பட்டியைத் தாண்டித்தான் மலை ஏறுகின்றன. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சேலத்துக்காரர்களான நமக்கு அன்றாடம் கண்ணெதிரே நிற்கிறது. அப்படியிருந்தும், மலையூர்ப் படம் ஒன்றைக் காட்டி “இது எந்த ஊர்?” என்று கேட்டால் நம்மவர்கள் யோசிக்காமல் “ஊட்டி” என்கிறார்கள். இல்லையென்றால், “எல்லா மலையும் ஒண்ணுதானே, மஞ்சும் மரமும்தானே” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இந்த அலட்சியம்தான் எரிச்சலூட்டுகிறது. படத்தைப் பார்த்து ஊரைச் சொல்வது இன்று உலகம் முழுக்க ஆடப்படும் விளையாட்டு. 2013இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஜியோகெஸ்ஸர் அதற்கு லட்சக்கணக்கானோரைப் பழக்கிவிட்டது. பனிச்சறுக்கு ஊர்ப் படத்தைப் பார்த்து இது குல்மார்க், இது அவுலி என்று பிரித்துச் சொல்ல நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிகிறது. காலடியில் கிடக்கும் மலையை மட்டும் யாரும் படிப்பதில்லை.

அடிப்படை எளிது, சீக்கிரம் சொல்லிவிடலாம். உயரம்தான் முதல் கேள்வி. ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100, ஏற்காடு ஏறத்தாழ 1,500. கொல்லிமலையும் வால்பாறையும் அதற்கும் கீழே. இரண்டாயிரத்தைத் தாண்டினால் யூகலிப்டஸ், பைன், சீகை மரங்கள் படத்தை நிறைக்கும். கொண்டை ஊசி வளைவின் எண் பலகை படத்தில் தெரிந்தால் ஆட்டமே முடிந்தது: ஏற்காட்டுப் பாதைக்கு 20, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. ஆனால் பலகையைப் படிப்பது ரசனையில் சேராது. ஏரியைத் தேடுவது அதைவிட மட்டம். ஊட்டி ஏரி கலெக்டர் சல்லிவன் காலத்தில் வெட்டியது, கொடைக்கானல் ஏரி 1863இல் கலெக்டர் லெவிஞ்ச் அமைத்தது; வரலாறு வேறுவேறுதான். ஆனால் கரையில் நின்று எடுத்த படத்தில் எல்லா ஏரியிலும் அதே மிதிபடகு, அதே ரெயிலிங், அதே தொப்பிக்கடை. ரீல்ஸ் போடுகிறவர்கள் அதன்மேல் ஒரு வெளிர்நீல ஃபில்டரையும் பூசிவிட்டால் மிச்சமிருந்த அடையாளமும் போயிற்று.

நான் பார்க்கச் சொல்வது சில்வர் ஓக் மரத்தை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரம் நம் மலைத்தோட்டங்களில் எங்கும் நிற்கிறது. எங்கும் நிற்பதால் பயனில்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள். எங்கும் நிற்பதால்தான் பயன். ஒரே மரம் எப்படி நிற்கிறது என்பதில் ஊர் வெளிப்பட்டுவிடுகிறது. தேயிலைக்கு வெயில் வேண்டும். அதனால் அங்கே மரங்கள் தள்ளித் தள்ளி, தண்டு வெறுமையாக, சாம்பல் நிறத்தில் நிற்கும். கீழே கவாத்து செய்த செடிகள் இடுப்பளவு உயரத்தில் மேசைபோல் மட்டமாகப் பரந்திருக்கும், கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் ஒற்றையடித் தடங்கள் அதைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும். காபிக்கு நிழல் வேண்டும். அங்கே மரங்கள் நெருங்கி நிற்கும், அடியில் பளபளக்கும் கரும்பச்சை இலைகள் இருட்டிக் கிடக்கும், தரை கண்ணுக்கே தெரியாது. இன்னும் நெருங்கிப் போய்த் தண்டைப் பாருங்கள். வேரிலிருந்து இருபதடி, முப்பதடி வரை மிளகுக்கொடி பச்சைச் சட்டை போட்டதுபோல் மரத்தைப் போர்த்தியிருக்கும். கொடிக்கு மேலே பக்கக் கிளைகளை வெட்டிய தழும்புகள், அதற்கும் மேலே காற்றடித்தால் அடிப்பக்கம் வெள்ளியாகத் திரும்பும் இலைகள். அறுவடைக் காலத்துப் படமென்றால் தண்டில் ஒரு மூங்கில் ஏணி சாத்தியிருக்கும். ஊட்டியின் உறைபனியிலும் கொடைக்கானலின் குளிரிலும் மிளகு நிற்காது. ஆகவே மிளகு ஏறிய தண்டைக் கண்ட நொடியில் ஊட்டியையும் கொடைக்கானலையும் அடித்துவிடலாம். ஒரு தண்டு இரண்டு பெரிய ஊர்களைக் கழித்துவிடுகிறது!

“தேயிலைத் தோட்டத்திலும் மிளகு ஏற்றுகிறார்களே” என்பார்கள். உண்மைதான், தாழ்வான தோட்டங்களில் ஏற்றுவதுண்டு. அப்போது பார்வையைத் தண்டிலிருந்து இறக்கி அடிச்செடியைப் பாருங்கள். மேசை இருந்தால் தேயிலை, இருட்டு இருந்தால் காபி. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: காபியும் மிளகும் ஏற்காட்டின் தனிச்சொத்து அல்ல. கொல்லிமலையில் இருக்கிறது, கீழ்ப்பழனியில் தாண்டிக்குடிப் பக்கம் இருக்கிறது, குன்னூருக்குக் கீழே சரிவுகளிலும் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். மரம் உயரத்தைச் சொல்லும், ஊரை முழுசாகச் சொல்லாது. மிச்சத்தைப் பள்ளத்தாக்கு சொல்லும். கொல்லிமலையில் மலைமேலேயே தாழ்வான இடங்களில் நெல்வயல் கிடக்கும். பலாவும் அன்னாசியும் கூட வரும். ஏற்காட்டில் விளிம்புக்கு வந்தால் கீழே சேலம் நகரம் பரந்து கிடக்கும், அதன் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று மேக்னசைட் சுரங்கக் குவியல்கள். நம் ஊர்க்காரர்கள் வெள்ளைக்கல் என்று சொல்லும் அந்தக் குவியல் ஒரு மூலையில் தெரிந்தாலும் போதும், வேறு எந்த மலையையும் யோசிக்க வேண்டாம்.

“கைபேசியில் தேடினால் ஒரு நொடியில் சொல்லிவிடுமே” என்கிறவர்களுக்குப் பதில் இதுதான்: அது பெயரைச் சொல்லும், காரணத்தை உங்கள் கண்ணுக்குத் தராது. 1820 வாக்கில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபி கொண்டுவந்ததும், அதற்கு நிழல் தேவைப்பட்டதும், அந்த நிழல்மரத்தில் மிளகு ஏறியதும் சேர்ந்துதான் ஏற்காட்டுப் படம். இதைப் பார்க்கத் தெரியாதவர்கள்தான் ஏற்காட்டை “ஏழைகளின் ஊட்டி” என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். சுற்றுலாப் பக்கங்களில் இதைவிடச் சோம்பேறித்தனமான வரி கிடையாது. உயரம் வேறு, பயிர் வேறு, மலைத்தொடரே வேறு. நீலகிரி மேற்குத் தொடர்ச்சி, சேர்வராயன் கிழக்குத் தொடர்ச்சி. ஊட்டியோடு ஒப்பிட்டுக் குறைத்துச் சொல்ல இதில் என்ன இருக்கிறது?

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை யாராவது மலையூர்ப் படம் அனுப்பினால் தலைப்பைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். ஏரியையும் மஞ்சையும் விட்டுவிட்டு, படத்தைப் பெரிதாக்கி ஒரு மரத்தின் தண்டைப் பாருங்கள். பார்த்துவிட்டு ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள்.