தண்டோரா

இந்தியில் டிண்டோரா, தெலுங்கில் தண்டோரா; தமிழிலும் அதே குடும்பத்துச் சொல்தான். சொல்லிலேயே பறையின் அதிர்வு கேட்கிறது. ஆனால் பறையறைந்து ஊருக்குச் செய்தி அறிவிக்கும் வழக்கம் சொல்லைவிடப் பழையது. மணிமேகலையின் விழாவறை காதையில், யானைமேல் முரசேற்றி இந்திர விழாவை அறிவிக்கிறான் முதுகுடிப் பிறந்தவன். முதலில் ஊரை வாழ்த்துகிறான், மழையை வேண்டுகிறான். பிறகே வேலைப் பட்டியல்: வாழை நடுங்கள், பழமணல் மாற்றிப் புதுமணல் பரப்புங்கள்.

தண்டோராவின் அழகு அதன் சிக்கனம். நான்கு தட்டு, ‘இதனால் சகலமானவர்களுக்கும்’ என்றொரு விளி, செய்தி, நாள், மறுபடி நான்கு தட்டு, அடுத்த தெரு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஏரி ஏலமும் வரி கெடுவும் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தன.

அந்தப் பறையைச் சாதி பார்த்தே ஒரு சிலர் தோளில் ஏற்றினோம் என்பது இதன் கறை. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோராவை நிறுத்தி வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி ஆட்சியர்களுக்கு எழுதினார். நல்ல முடிவு. அரை பக்கத்துக்கு ஒரே வாக்கியம் எழுதும் நம் அரசாணைகள், தண்டோராவின் சுருக்கத்தை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.