ஓயாமல் கேட்பதும் செபம்தான்: ‘கருக்கு’ சொல்லும் விசுவாசம்

பாமாவின் ‘கருக்கு’ பற்றி நிறையப் பேசியாயிற்று. சேரி மொழியைப் பேசினோம். தன்வரலாற்றைப் பேசினோம். தலித் பெண்ணியம் பேசினோம். பேசாமல் ஒதுக்கிவைத்த சொல் ஒன்று அந்தப் பிரதிக்குள் கிடக்கிறது: செபம். இயக்கத் தோழர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே கூச்சம். பங்குச் சாமியார்களுக்கோ அது சொந்தச் சொத்து. இந்த ரெண்டு பேருக்கும் நடுவில் நம்ம சனங்க அன்னாடம் முழந்தாளில் நிக்கிறாங்க. அவங்க விசுவாசத்தை எப்படி வாசிப்பது?

ஏழாண்டுக் காலம் கன்னியாஸ்திரியாக இருந்து வெளியேறியவரின் எழுத்து, 1992ல் வெளிவந்தது. மடத்துக்காரர்கள் இதை ஓடிப்போனவளின் புலம்பல் என்று வாசிக்கலாம். முற்போக்காளர்கள் மதத்திலிருந்து விடுபட்டவளின் சாட்சியம் என்று வாசிக்கலாம். இரண்டு வாசிப்பும் பிரதிக்கு நியாயம் செய்யாது. பாமா விட்டது மடத்தை. ஏழைகளின் பக்கம் நிற்கிற ஒரு கடவுளை அவர் விடவேயில்லை. அந்தக் கடவுளுக்கு உண்மையாக இருக்கவே மடத்தை விட்டார் என்பது என் வாசிப்பு.

திருச்சபை தலித்துக்குச் சொல்லித்தந்த விசுவாசம் எது? பொறுமை, கீழ்ப்படிதல், தாழ்ச்சி. ‘கருக்கு’வில் தேங்காய்ச் சம்பவம் ஒன்று வருகிறது. பள்ளிக்கூடத்து மரத்தில் பிள்ளைகள் விளையாடும்போது காய் விழுகிறது. திருட்டுப் பட்டம் பாமா தலையில் ஏறுகிறது. தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் சாதியைச் சொல்லி ஏசி வெளியே தள்ளுகிறார். நியாயம் கேட்டுச் சாமியாரிடம் போனால், சேரிப்பிள்ளைதானே, நீ செய்திருப்பாய் என்கிற மாதிரி பதில். பாவசங்கீர்த்தனம் கேட்கிற காதுக்கு இந்தப் பிள்ளையின் சொல் ஏறவில்லை. இதையும் பொறுத்துக்கொண்டு செபிக்கச் சொன்னால் அந்தச் செபத்தால் யாருக்கு லாபம்?

ஆனால் வேதத்தில் வேறொரு செபம் இருக்கிறது. லூக்கா 18ஆம் அதிகாரத்தில், சோர்ந்துபோகாமல் எப்போதும் செபிக்க வேண்டும் என்று சொல்ல வந்த இயேசு யாரை உதாரணம் காட்டுகிறார்? கண்மூடிக் கைகூப்பிய பக்தரையா? ஒரு கைம்பெண்ணை. கடவுளுக்கும் அஞ்சாத, மனுசரையும் மதிக்காத நடுவனிடம் அவள் திரும்பத் திரும்பப் போகிறாள். என் வழக்கில் நியாயம் வழங்கு என்று உசிரை வாங்குகிறாள். தொந்தரவு தாங்காமல் அவன் நியாயம் வழங்குகிறான். அதாவது, இயேசு காட்டுகிற செபம் மனுக்கொடுப்பது. திருப்பி அனுப்பினால் மறுபடியும் போய் நிற்பது. நம் ஊர்ப் பெண்கள் தாலுகா ஆபீசிலும் காவல் நிலைய வாசலிலும் செய்வது இதைத்தான். பீடத்தில் நின்று அதைச் செபம் என்று சொல்லத்தான் ஆளைக் காணோம்.

இந்த வெளிச்சத்தில் ‘கருக்கு’வின் வடிவமும் வேறாகத் தெரிகிறது. மடத்தைப் பற்றிய பகுதிகளில் சொன்னதே திரும்ப வருகிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களின் வசதியான வாழ்க்கை, பணக்காரப் பிள்ளைகள் மேல் காட்டும் பிரியம், தலித் என்றால் முகத்தில் வரும் சுளிப்பு. இலக்கணமாக விமர்சனம் செய்கிறவர்கள் இதைக் கட்டமைப்புக் குறை என்பார்கள். எனக்கு மன்றாட்டுமாலை நினைவுக்கு வருகிறது. மன்றாட்டில் ஒரே வேண்டுதல்தான் திரும்ப வரும். கேட்டது கிடைக்காதவர்களின் மொழி அப்படித்தான் இருக்கும். குறை இருப்பது வேறிடத்தில். சனங்களின் பக்திக்குள் இருக்கிற பயத்தை, பேயும் பாவமும் நரகமும் காட்டி வளர்த்த பயத்தை, பாமா கூர்மையாகப் பார்க்கிறார். அதே பக்திக்குள் அவர்களை நிற்கவைத்த தெம்பு எது என்ற கேள்விக்குள் அவ்வளவு தூரம் போகவில்லை.

ஆனாலும் கதை தன்போக்கில் அதைக் காட்டிவிடுகிறது. சுடுகாட்டுத் தகராறில் போலீஸ் தெருவுக்குள் புகுந்து அடிக்கிறது. ஆம்பளைகள் ஓடி ஒளிகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு பையன் செத்துப்போகிறான். அப்பன் வந்தால் பிடிபடுவான். பெண்கள் அவனுக்குச் சேலை கட்டி, பெண்ணோடு பெண்ணாகக் கூட்டிவந்து பிள்ளை முகத்தைப் பார்க்க வைக்கிறார்கள். கண்ணால் காணும் சகோதரனை நேசிக்காதவன் காணாத கடவுளை நேசிக்க முடியாது என்ற பொருளில் யோவானின் முதல் கடிதம் பேசுகிறது. அந்தப் பெண்களுக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. பிரசங்கத்தில் அன்பு என்பது அடித்தவனை மன்னிப்பது. சேரியில் அன்பு என்பது அடிபடுகிறவனை மறைப்பது. ‘கருக்கு’வின் உச்சமான கிறிஸ்தவக் காட்சி இதுதான் என்பேன். அதில் சாமியாருக்கு வேலையே இல்லை.

இந்த விசுவாசத்துக்கு விலையும் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956ல் சீக்கியர்களும் 1990ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத் தலித்துக்குக் கதவு திறக்கவில்லை. மதம் சார்ந்த இந்த விலக்கை நீக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007ல் பரிந்துரைத்தது. 2022ல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடி ஓர் ஆணையம் போட்டார்கள். ஞானஸ்நானப் பெயரைச் சான்றிதழில் எழுதினால் உரிமை போகும். எழுதாவிட்டால் மனசாட்சி உறுத்தும். பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) நாவலில் காட்டும் நெருக்கடி இதுதான். சான்றிதழுக்காக மதம் மாறுகிறவனை விசுவாசம் இல்லாதவன் என்று பழிப்பவர்கள், அவனை அந்த மூலையில் தள்ளிய சட்டத்தை எத்தனை ஞாயிறு பிரசங்கத்தில் கண்டித்தார்கள்?

சட்டம் மட்டுமா தள்ளியது? வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்த சுவர் 1910ல்தான் இடிந்தது. தனிப்பங்கு கேட்ட எறையூர்த் தலித்துகளின் வீடுகள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். கலவரத்தை அடக்க நடந்த துப்பாக்கிச்சூட்டில் இருவர் செத்தார்கள். ஒரே அப்பம், ஒரே கிண்ணம் என்று பூசையில் சொல்கிறோம். அப்பத்தைப் பிட்ட கையே கல்லையும் எடுத்தது.

இப்படியிருந்தும் நம்மவர்கள் போய்விடவில்லை. அதை அடிமைப்புத்தி என்று தள்ளிவிடுவது சுலபம். அது படித்தவர்களின் சோம்பேறித்தனம். கோயிலைக் கட்ட மண் சுமந்தவர்கள் கோயிலை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்கிறார்கள். இதில் உரிமைக்குரல் இருக்கிறது. அம்பேத்கர் வழியில் வெளியேறுவது ஒரு எதிர்ப்பு. உள்ளே நின்று ஓயாமல் கேட்பது இன்னொரு எதிர்ப்பு. பாமா மடத்துக்கு வெளியே, விசுவாசத்துக்கு உள்ளே நின்று கேட்டார். கையில் காசும் வேலையும் இல்லாமல் நின்று கேட்டார். போலியாக வாழ்வதைவிட அது மேல் என்று நினைத்தார்.

ஆகவே தோழர்களே, செபத்தைச் சாமியார்களிடம் விட்டுவிட வேண்டாம். முழந்தாளில் நிற்கிற நம்ம ஆத்தாமார்களிடம் என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று ஒருமுறை கேளுங்கள். பிள்ளைக்கு வேலை, பட்டா, கல்லறையில் ஓரிடம். எல்லாமே கோரிக்கைகள். நம் துண்டறிக்கையில் இருப்பதும் அதுதானே?